எந்தப் பக்கம்?

கல்லல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள துர்கா அப்பாவுக்கு, பொன்னுத்தாயி எழுதுவது.

நானும் மகளும் சுகம். உங்கள் இடுப்புவலி குறைந்ததா? நாளைக்கு அபுதாபி திரும்பும் சிவபிரகாஷ் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது.

காரைக்குடியில் வாடகைக்கு ஒரு மாடி வீடு பார்த்தோம். பூப்போட்ட தரை, கால் வைத்தால் குளத்துப் படியில் நிற்பதுபோல் குளிர்ச்சி. சன்னலோரம் வேப்பமரம். வீட்டுக்காரம்மா மோர் கொடுத்து ஒவ்வொரு அறையாகக் காட்டினார். அரிசி டிரம் எங்கே, உங்கள் கட்டில் எங்கே என்று மனசுக்குள் எல்லாவற்றையும் வைத்தே முடித்துவிட்டேன். நாலு நாளாக டவுன் பஸ்ஸில் கண் சொருகினால் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். நீங்கள் சன்னலருகே பேப்பர் படிக்கிறீர்கள். வேப்பம்பூ உள்ளே வந்து விழுகிறது. எனக்குக் கூட்டித் தள்ள மனசே வருவதில்லை.

கடைசியில் அந்த அம்மா, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நம் ஊரில் சாதியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நான் நாச்சியாபுரம் என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்றே தெரியவில்லை. வீட்டின் மேல் அவ்வளவு ஆசை. பக்கத்தில் நின்ற துர்கா, "இல்லைங்க, நாங்க கல்லல் காலனி" என்றாள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. மகன் மாற்றலாகி வரப்போவது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம். வேறு வீடு அமைந்தால் சொல்லி விடுகிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

போன வாரம் நீங்கள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்ஜினியரிங் விண்ணப்பத்தில் துர்கா சாதிச் சான்றிதழைச் சேர்க்க வேண்டாம், பொதுவிலேயே போகட்டும், யாராவது ஒதுக்கினால் கேட்கச் சட்டம் இருக்கிறது என்றீர்கள். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்வேனா? அது இருப்பதால்தான் வாய்க்கு வந்தபடி பேசப் பயப்படுகிறார்கள். ஆனால் இதற்கு என்ன புகார் எழுத? மோர் கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள் என்றா?

என் வேலை இனச்சுழற்சியில் வந்தது. நமக்கென்று ஒரு இடம் காகிதத்தில் இருந்ததால், சிரித்துப் பேசி யாரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இன்றும் என் தலை மறைந்ததும் கோட்டா என்பார்கள். சொல்லட்டும். சொல்கிறவர்களுக்கு அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் அந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்கிற உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. அங்கே உங்கள் அறையில் எட்டுப் பேரும் உங்களைச் சிவகங்கைக்காரர் என்று மட்டும்தான் அறிவார்கள்; எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறீர்கள். இங்கேயும் அப்படி ஆகிவிட்டதாக நினைத்துப் பார்க்க எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவள் மார்க்குக்குப் பொதுவில் கேட்ட கல்லூரி கிடைப்பது சந்தேகம் என்று கம்ப்யூட்டர் சென்டரில் சொல்கிறார்கள்.

அன்றைக்கு பஸ்ஸில் துர்கா ஒன்றுதான் சொன்னாள். "நீ வீட்டுக்காக மறைச்ச. அப்பா கோட்டாங்கிற பேருக்காக மறைக்கச் சொல்றாக. நான் எதுக்கும்மா மறைக்கணும்?" அதன்பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. விண்ணப்பத்தில் சாதிக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அப்பா மனசு கோண நிரப்ப மாட்டேன் என்கிறாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

உள்ளதை உள்ளபடி எழுது தாயி என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். அவள் எதிரிலேயே ஊரை மாற்றிச் சொன்ன நான் எந்த வாயால் சொல்வேன்? நீங்கள் கூப்பிட்டுச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் சாமி காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் போனுக்குக் காத்திருக்கும்
பொன்னுத்தாயி