பந்தல் போட்ட பிறகு

ஜனவரி 9

பள்ளி இறுதித் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. பி மைனஸ். அம்மா தேயிலைக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலேயே முற்றத்தில் ஆடினாள். பட்டப்படிப்புக்கு இது போதும். நர்ஸிங்குக்குப் போதுமா என்றுதான் தெரியவில்லை.

என் பெஞ்சுத் தோழி போசிபோரிக்கு வெறும் சி. "இன்னொரு வருஷம் அதே பெஞ்சு, அதே கரப்பான்பூச்சி. நீதான் இருக்க மாட்டே" என்று சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஜனவரி 21

யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள். போதகர் டீச்சராகச் சொல்கிறார். கிசி டவுன் வேனில் டிக்கெட் போடுகிறவன்கூட, "கம்ப்யூட்டர் படி கெமுந்தோ, நர்ஸுன்னா மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்" என்கிறான். உன்னை யார் கேட்டது?

பள்ளியில் மேற்படிப்பு ஆலோசகர் என்று ஒருவர் உண்டு. கால்பந்துக் கோச்சும் அவர்தான். "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 15, சனி

எங்கள் சபையின் சனிக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேடம் கெருபோ என் கையைப் பிடித்துக்கொண்டார். டவுனில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஆலோசனை மையம் வைத்திருப்பவர். நம் சபை, நம் ஊர்ப் பெண். போன வருஷம் பக்கத்து வீட்டு நியாஞ்செராவை வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்பியது அவர்தான்.

"நர்ஸிங்தானே? இங்க வரிசையில நின்னு கிழவியாகப் போறியா? அங்க படிச்சுக்கிட்டே சம்பாதிக்கலாம்டா கண்ணு."

கண்ணு என்றாரே, அதிலேயே பாதி விழுந்துவிட்டேன்.

மார்ச் 4

பாஸ்போர்ட்டையும் பள்ளிச் சான்றிதழையும் மேடமிடம் கொடுத்தாயிற்று. அசலே வேண்டுமாம். நகல் போதாதா என்றதற்கு, "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். அம்மா என்னை முழங்கையால் இடித்தாள்.

ஏப்ரல் 27

நியாஞ்செராவுக்கு மறுபடி எழுதிப் பார்த்தேன். "நலம். படிப்பு நன்றாகப் போகிறது. கடவுளுக்கு நன்றி." போன மாதமும் இதே பதில். அதற்கு முந்தைய மாதமும் இதேதான். எங்கள் குசி மொழியில் அசிங்கமாகத் திட்டாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள் அவள்! எப்போது இவ்வளவு நல்ல பிள்ளையானாள்?

அவள் அம்மாவிடம் கேட்டேன். "பெரிய படிப்பு. நேரம் இருக்காது" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 30

அரசாங்க ஒதுக்கீடு வந்தது. நர்ஸிங் இல்லை. ஏரிக்கரைப் பல்கலைக்கழகத்தில் மண் அறிவியல்.

வீடே சிரித்தது. "மண்ணைப் படிக்கவா? நம்ம தோட்டத்துல கிடக்காத மண்ணா?" என்று மாமா உருண்டார். எனக்கு அழுகையாக வந்தது. மூன்று வாரத்துக்குள் இடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மேடம் கூடாது என்கிறார். இங்கே ஒரு இடம் இருந்தால் அங்கே விசா தர மாட்டார்களாம்.

அப்படியா? வேறு யாரைக் கேட்பது?

ஜூலை 6

என் படிப்புக்காக ஊர் கூடிப் பணம் திரட்டும் ஹராம்பே அடுத்த ஞாயிறு. நியாஞ்செராவின் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டு நாள் குறிக்கலாமே என்று அம்மாவிடம் கெஞ்சினேன். "தலைமை தாங்க வர்ற சேர்மன் தேதி குடுத்துட்டார். உன் தோழி தும்முற வரைக்கும் அவர் காத்துக்கிட்டிருப்பாரா?"

ஜூலை 13, ஞாயிறு

பள்ளி மைதானத்தில் பச்சை வெள்ளைப் பந்தல். மைக். இரண்டு ஆடு. நான் நடுவில் புது உடுப்பில் உட்கார்ந்திருந்தேன், வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கூடையில் போட்டுவிட்டு என் தலையைத் தொட்டார்கள். செருப்பில்லாத கிழவர் ஒருவர், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஒரு வாழைத்தாரைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். ஏலம் போட்டார்கள். சேர்மன் எடுத்து, அதையே திரும்ப எனக்குக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் கெருபோதான் எல்லோரையும்விட உரக்க.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

ஜூலை 17

மேடம் என்னை மாடிக்கு வரச் சொன்னார். "உனக்கு அவ குரல்தானே வேணும்? பேசு."

நியாஞ்செராதான். ஆனால் சுவாஹிலியில் பேசினாள். நான் குசியில் கேட்க, அவள் சுவாஹிலியில் பதில் சொன்னாள்.

வகுப்பு எப்படி என்று கேட்டேன்.

"பெருசு. நின்னுக்கிட்டேதான் படிக்கணும். காதுல பஞ்சு வெச்சுக்கணும்."

"டீச்சர் என்ன சொல்றாருன்னு எப்படிக் கேக்கும்?"

அவளுக்குப் பக்கத்தில் யாரோ செருமினார்கள். "கடவுளுக்கு நன்றி. நான் நல்லா இருக்கேன்."

மேடம் போனை வாங்கிக்கொண்டு, "பார்த்தியா?" என்று சிரித்தார்.

பார்த்தேன்.

ஜூலை 18

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போகலைம்மா, மண்ணையே படிக்கிறேன், விட்டுடு" என்று அவள் காலைப் பிடித்தேன். "நின்னுக்கிட்டு எவளாவது படிப்பாளா? நீயே சொல்லு!"

உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள். "ஜனங்க சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க கெமுந்தோ. கையில இருந்ததைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நான் எந்த மூஞ்சியோட தேயிலை எடைபோடப் போவேன்? 'எம் பொண்ணு பயந்துட்டா'ன்னு சொல்லவா?" பிறகு, "அவ ஏதோ வீட்டு ஞாபகத்துல பேசியிருப்பா" என்றாள். அதைச் சொல்லும்போது அவளும் என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 21

ஒப்புக்கொள்ளக் கடைசி நாள். டவுனில் சைபர் கடைக்குப் போனேன். மண் அறிவியல் திரையில் இருந்தது. கீழே ஒரு பொத்தான். அமுக்கினால் போதும்.

வெளியே அந்த வாழைத்தார்க் கிழவர் நடந்து போனார். என்னைப் பார்த்துக் கையாட்டினார். "டாக்டரம்மா!" என்றார்.

நர்ஸ் என்று திருத்தினேன். திரையை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

நாளை விமானம். போசிபோரி கோட் கொடுத்தாள். எங்கிருந்து பிடித்தாளோ, ஆண்கள் கோட். "அங்க எப்படி இருக்குன்னு உண்மையைச் சொல்லணும். எனக்கும் மார்க் வந்துட்டா நானும் வருவேன்" என்றாள்.

ஆகஸ்ட் 27

கோழி.

செப்டம்பர் 7

கல்லூரி என்று ஒரு பலகை இருக்கிறது. அதன் பின்னால் குளிர்க்கூடம். கோழிகள் கொக்கியில் தொங்கி வரும், நாங்கள் நின்றபடி வெட்ட வேண்டும். இயந்திரச் சத்தத்தில் காது கிழிகிறது, பஞ்சு வைத்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மொழி வகுப்பு. அதுதான் படிப்பு. பாஸ்போர்ட்டை வாசலிலேயே வாங்கிவிட்டார்கள்.

நியாஞ்செராவின் கட்டில் எனக்கு எதிரே. வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. என்னைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை.

"நான் சொன்னது புரியலையா?"

"புரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டி வந்தே?"

"பந்தல் போட்டாச்சு."

அவள் தலையை ஆட்டினாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் அதே மைதானம், அதே பச்சை வெள்ளைப் பந்தல்.

நவம்பர் 30

நலம். படிப்பு நன்றாகப் போகிறது. கடவுளுக்கு நன்றி. இதை அவர்களே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். என் பெயரில் நான் எவ்வளவு நல்ல பிள்ளை!

பிப்ரவரி 20

எனக்கு மேலே உள்ள அடுக்குக் கட்டிலைக் காலி செய்தார்கள். புது மெத்தை போட்டிருக்கிறார்கள். யாரோ வரப்போகிறார்கள்.

மார்ச் 11

அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். சுவாஹிலி தெரிந்த கண்காணிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். போன் என் காதில். மறுபக்கம் போசிபோரி. மேடமின் மாடியிலிருந்து பேசுகிறாள். இந்தத் தடவை சி ப்ளஸ்.

"ஏய், கோட் பத்துச்சா? வகுப்பு எப்படி?"

"பெருசு," என்றேன் சுவாஹிலியில். "உனக்குப் பந்தல் எப்போ?"

"வர்ற ஞாயிறு."

வருகிற ஞாயிறு. இன்னும் போடவில்லை. யாரும் இன்னும் சாப்பிடவில்லை. நானும் நியாஞ்செரா மாதிரி நின்று படிப்பதைச் சொல்லலாம், பஞ்சைச் சொல்லலாம். இவளுக்கும் புரியும். புரிந்து என்ன?

எங்கள் மொழியில் கத்தினேன்: "பந்தல் போட விடாதே! பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கிட்டு ஓடு! இங்க பள்ளிக்கூடமே கிடையாது!"

கண்காணிப்பாளருக்குக் குசி தெரியாது. ஆனால் கத்தலுக்கு எல்லா மொழியிலும் ஒரே முகம்தான். போனைப் பிடுங்கிவிட்டார்.

மார்ச் 12

இனி எனக்கு வெளியே போகும் நாள் கிடையாது. கொக்கி வரிசையின் முனைக்கு மாற்றிவிட்டார்கள், அங்கேதான் விரல் போகும். நியாஞ்செரா என் சோற்றில் அவள் பங்கு கறியை வைத்தாள். குசியில் அசிங்கமாக ஒரு திட்டு திட்டினாள். இங்கு வந்தபின் முதல் தடவை.

ஏப்ரல் 19

மேல்கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.