இழுத்தால் வரக் கூடாது

ஆயுத பூசைக்கு வீட்டைத் துடைக்கும்போது பரண் மேலிருந்த தகர டப்பாவை இன்று காலை இறக்கினேன். ஸ்பேனர்களுக்கும் துருப்பிடித்த பிரேக் கம்பிக்கும் நடுவில் உங்கள் கறுப்புப் பெட்டி கிடந்தது. குளியல் சோப்பு அளவுதான், இரண்டு பக்கமும் வால் மாதிரி வயர். மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாசனை எப்போதோ போய்விட்டது. சந்தன வாசனை மட்டும் லேசாக இருக்கிறது, அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உடனே பழைய பயம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. புருஷன் போய் இத்தனை வருடம் கழித்தும் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிற மனைவி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது மத்தூரில் எங்கள் தெருவுக்கே தெரிந்த சேதி. மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த உங்களுக்குத்தான் அதை யாரும் சொல்லாமல் கட்டிவைத்துவிட்டார்கள். நீங்கள் 'அங்குட்டு' என்பீர்கள், நான் 'அந்தாண்ட' என்பேன். ஓசூரில் வாடகைக்குப் பிடித்த வீட்டில் பால்காரர் தெலுங்கு, வீட்டுக்காரர் கன்னடம். நம் இரண்டு தமிழும் அங்கே எப்படியோ ஒத்துப்போயின.

எனக்கு சிப்காட்டில் வேலை. மோட்டார் சைக்கிளுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டாகக் கட்டி, முனையில் சாக்கெட் மாட்டி அனுப்புகிற கம்பெனி. நீங்கள் சூளகிரி தாண்டி கிரானைட் அறுக்கும் பட்டறைக்குப் போய்வந்தீர்கள். லாரிகள் ஓடுகிற அந்தப் பெரிய ரோட்டில்தான் உங்கள் போக்குவரத்து என்பதால், என் பயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறைகூடக் கிடையாது.

அப்போதுதான் கார்புரேட்டர் இல்லாத வண்டிகள் வர ஆரம்பித்திருந்தன. உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருந்து, எவ்வளவு பெட்ரோல் பீச்ச வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். ஏதாவது கோளாறு என்றால் மீட்டரில் என்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரியும். அப்படி ஒரு வண்டியை ஆசைப்பட்டு வாங்கினீர்கள். வாங்கியதோடு விட்டீர்களா? பெங்களூருக்குப் போய், யாரோ சொன்னார்கள் என்று இந்தக் கறுப்புப் பெட்டியையும் வாங்கி வந்தீர்கள்.

"இதை வயருக்கு நடுவுல மாட்டிட்டா, பெட்ரோல் எவ்வளவு போகணும்னு நாமளே சொல்லலாம் புள்ள. வண்டி அப்படியே பறக்கும்."

"வண்டிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா? பறக்கிறதுக்கு எதுக்குங்க வண்டி?"

சிரித்தீர்கள். மாட்டினீர்கள். பறக்கத்தான் செய்தது. பின்னால் உட்கார்ந்து உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பிறகு ஆயுத பூசை வந்தது. நம் ஊரில் அன்றைக்கு ஸ்குரூ டிரைவருக்குக்கூடப் பொட்டு உண்டு. தண்ணீர் போய்விடக் கூடாது என்று பெட்டியை மட்டும் கழற்றித் தனியாக வைத்துவிட்டு வண்டியைக் கழுவினீர்கள். ஹாண்டில்பாருக்கு, டேங்குக்கு, செயினுக்கு என்று வரிசையாகச் சந்தனம், குங்குமம். பெட்டியையும் விடவில்லை. "புதுசா வந்த ஆளு, அதுக்கு இல்லாமயா?" என்று ஈரச் சந்தனத்தைக் குழைத்து நாலா பக்கமும் அப்பினீர்கள். அப்படியே எடுத்து மாட்டிவிட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை முன்னால் நகர்த்தினீர்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மத்தூருக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். கிருஷ்ணகிரி தாண்டி, குருபரப்பள்ளியும் தாண்டியாயிற்று. தூறல். நமக்குப் பின்னால் கிரானைட் பாளம் ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன், ஆரஞ்சு விளக்கு எரிந்தது. "ஏங்க, லைட்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் என்ஜின் சத்தம் நின்றுவிட்டது.

வண்டி ஓடும்போது வராத பயம் அந்த அமைதியில் வந்தது. காற்றுச் சத்தம், ஈர ரோட்டில் டயர் சத்தம், பின்னால் லாரியின் ஹாரன். ஹாரன் நிற்கவேயில்லை. அந்தப் பாளத்தின் கனத்தை என் முதுகு உணர்ந்தது. நீங்கள் வண்டியை ஓரத்து மண்ணுக்குத் தள்ளினீர்கள், லாரி நம்மை உரசுகிற மாதிரி போனது, என் முந்தானை அதன் காற்றில் தூக்கிக்கொண்டது. வண்டியை விட்டு இறங்கினேன். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"பயந்துட்டியா?" என்று கேட்டீர்கள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வண்டி கிளம்பியது, விளக்கும் அணைந்திருந்தது. சூளகிரி ஏற்றத்தில் மறுபடி எரிந்து, மறுபடி நின்றது. அன்றைக்கு வீடு வந்து சேர்ந்ததை நான் இன்றும் நம்புவதில்லை.

"முதல்ல அந்தச் சனியனைக் கழட்டுங்க" என்றேன். கழற்றினீர்கள். பழையபடி வயரோடு வயரை நேராக மாட்டினீர்கள். அதற்குப் பிறகும் விளக்கு எரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பெட்டிதான் காரணம் என்றால் பெட்டி போன பிறகு ஏன் எரிய வேண்டும்? தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனீர்கள். அவர் உதட்டைப் பிதுக்கி, "கொத்தில்ல அண்ணா" என்றார். கன்னடத்தில் 'தெரியாது' என்று கேட்கும்போது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தெரியாத மாதிரி இருந்தது. "அந்தப் பொட்டி வண்டியோட மூளையைத் தின்னுடுச்சு போல. எப்போ நிக்கும், எங்க நிக்கும்னு சொல்ல முடியாது."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் மனசுக்குள் எத்தனை சாவு எழுதினேன் தெரியுமா? எப்போது நிற்கும்? காலையிலா, மாலையிலா? எங்கே நிற்கும்? பாலத்தின் மேலா, லாரிக்கு முன்னாலா? கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்றால், வெளியில் வாங்கிய பெட்டியை மாட்டியது தெரிந்தால் கிட்டேயே சேர்க்க மாட்டார்கள் என்றீர்கள். பஸ்ஸில் போங்கள் என்று கெஞ்சினால், "பஸ்ஸுல போறதுக்கு வண்டி எதுக்கு?" என்றீர்கள்.

நான் அழுததைப் பார்த்துவிட்டு ஒரு வைத்தியமும் செய்தீர்கள். கண்ணாடியில் நான் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டில் பெரிதாக ஒன்றை எடுத்து, மீட்டரில் அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டு, "இப்ப எரியல பாரு" என்று காட்டினீர்கள். பிய்த்து எறிந்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

தினமும் காலையில் நீங்கள் ஹெல்மெட் மாட்டிக் கிளம்புவீர்கள். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பி மறையும்வரை நிற்பேன். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், சேதி வந்தாலும் தெரியாது. பலகையில் வயரை வளைத்துக் கட்டும்போதெல்லாம், இந்த நேரம் எங்கே இருப்பார், ஓரத்து மண்ணில் இருப்பாரா, ரோட்டில் இருப்பாரா என்றே ஓடும். யாராவது சூப்பர்வைசர் என் பக்கமாக வேகமாக நடந்துவந்தால் கை நின்றுவிடும். சாயங்காலம் உங்கள் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் அன்றைய சோறு இறங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றிப்போட்டு வாசலில் உட்கார்ந்தீர்கள். "இந்த வயரைக் கொஞ்சம் பிடி புள்ள" என்றீர்கள். பிடித்தேன். உங்களுக்கு உதவ வேண்டும் என்றெல்லாம் அந்த நேரம் நான் நினைக்கவில்லை, என் கை அதன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

கம்பெனியில் எங்கள் லைனில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுப்பார்கள்: தள்ளு, சத்தம் கேள், இழு. சாக்கெட்டைத் தள்ளினால் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்டாலும் நம்பாதே, ஒரு முறை இழுத்துப் பார். இழுத்தால் வரக் கூடாது. பகல் முழுக்க இதையே செய்து செய்து, வீட்டில் குக்கர் மூடியையும் பீரோ கதவையும்கூட நான் இழுத்துப் பார்ப்பேன், நீங்கள் கேலி செய்வீர்கள்.

அன்று தள்ளினேன். சத்தம் இல்லை. இழுத்தேன். வெண்ணெயில் குத்திய விரல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

உள்ளே பார்த்தேன். பித்தளை தெரிய வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது, ஓரத்தில் சிவப்பு. கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டி, முகர்ந்தேன்.

"ஏங்க, சாமி உள்ளார பூந்துட்டாரு" என்றேன்.

நீங்களும் முகர்ந்தீர்கள். ஈரமாக அப்பிய சந்தனம் பெட்டியின் சாக்கெட்டிலிருந்து வண்டியின் சாக்கெட்டுக்கும் ஏறி, காய்ந்து கல்லாகி, முழுசாக உட்கார விடாமல் தடுத்திருக்கிறது. ரோட்டில் குலுங்கும்போதெல்லாம் தொடுப்பு விட்டுவிட்டது. பெட்டியைக் கழற்றிய பிறகும் எரிந்தது அதனால்தான். நாம் போட்ட பொட்டுதான் நம்மைக் கொல்லப் பார்த்திருக்கிறது. நீங்கள் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தீர்கள். பழைய பல் பிரஷ்ஷைப் பெட்ரோலில் தொட்டு, ஒவ்வொரு துளையாகத் தேய்த்து, ஊதி, காயவைத்து என்னிடம் கொடுத்தீர்கள். தள்ளினேன். 'டிக்'. இழுத்தேன். வரவில்லை. சாவியைத் திருப்பியதும் விளக்கு எப்போதும்போல ஒரு முறை எரிந்து அணைந்தது, அதன் பிறகு எரியவே இல்லை.

பெட்டியைத் திரும்ப மாட்டுவீர்கள் என்று நினைத்தேன். தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டு, "அது வேண்டாம் புள்ள" என்றீர்கள். சிரிப்பு நின்றிருந்தது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை நாளும் நான் வண்டியில போகல."

எனக்குப் புரியவில்லை.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிட்டுப் போயி, ஸ்டாண்டுல விட்டுட்டு, சூளகிரி பஸ்ஸைப் பிடிச்சேன். ஹெல்மெட்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், கண்டக்டர் ஒரு மாதிரி பார்ப்பாரு. அன்னைக்கு அந்த லாரி பின்னாடி வந்தப்ப எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. நீ வேற பின்னாடி உக்காந்திருந்த."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கொண்டை ஊசி எங்கே போய் விழுந்தது என்றே தெரியாது. "தினம் தினம் நான் இங்க செத்துப் பொழைக்கிறேன், பஸ்ஸுல போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உனக்கே அவ்வளவு பயம். என்னுதையும் சேர்த்து எங்க வச்சுப்ப?"

 சாயங்காலம்வரை உங்களோடு பேசவில்லை, கோபத்தில்தான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். கோபம் அப்போதே தீர்ந்துவிட்டது. மடியில் ஹெல்மெட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டு போகிற உங்கள் முகத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எத்தனையோ வருடம் அதே வண்டியில் போய்வந்தீர்கள். ஒரு கீறல் இல்லை. நானும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்ததும் சட்டையை வாங்கி வாசலில் உதறுவேன், மாவு மில்லிலிருந்து வந்தவர் சட்டை மாதிரி வெள்ளையாகப் பறக்கும். கல் அறுக்கிற தூசி. உதறிவிட்டு உள்ளே வருவேன், வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்ற நிம்மதியோடு. இருமல் வந்தபோது சளி என்றோம். கிருஷ்ணகிரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரல் முழுக்கக் கல்லுத் தூசி என்றபோதுதான் தெரிந்தது. எமன் லாரியில் வருவான் என்று நான் ரோட்டில் காவல் இருந்தேன். அவன் தினமும் உங்கள் சட்டையில் நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அதற்கு ஒரு விளக்கும் எரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது, என் ஆள்காட்டி விரலை எடுத்து உங்கள் கைக்குள் வைத்து மூடிக்கொண்டீர்கள். "இழுத்துப் பாரு புள்ள." இழுத்தேன். அவ்வளவு மெலிந்த கையில் அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ. "வரலல்ல?" என்றீர்கள். வரவில்லை. மறுநாள் காலையிலும் இழுத்துப் பார்த்தேன். வந்துவிட்டது.

இன்று கறுப்புப் பெட்டியைத் துடைத்து மற்ற சாமான்களோடு வைத்தேன். நம் மகள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "மேல மட்டும் வை. சாக்கெட்டு வாய்ல பட்டுடப் போகுது" என்றேன். எதற்கு என்று கேட்காமல் மேலே ஒரு பொட்டு வைத்தாள். அவளுக்கும் இப்போது அந்தப் பெரிய ரோட்டுப் பக்கம்தான் வேலை, ஸ்கூட்டரில் போகிறாள். பூசை முடிந்து தோழி வீட்டுக்குக் கிளம்பியவளை நிறுத்தி ஹெல்மெட் வாரை நானே மாட்டினேன். 'டிக்' என்றது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தேன்.

"இன்னும் எவ்வளவும்மா பயப்படுவ?" என்றாள்.

"என்னுது மட்டும்னா எப்பவோ தீர்ந்திருக்கும்டி" என்றேன். "உங்கப்பாவோடதும் என்கிட்டதான இருக்கு."