முதலில் நேரம், பிறகு கண்டது

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அண்ணன் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

சாயங்காலம் இடி, மழை. எட்டரைக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி. நிலா இல்லை. மொட்டைமாடி ஈரம். கீழே ஆரியசாலைக் கடைகள் ஷட்டர் இறக்கும் சத்தம். எங்கள் கடை மிளகாய் வற்றல் நெடி மேலே வரை. தும்மல் 4.

ஸ்கூலில் டீச்சர் கொடுத்த விடுமுறை வேலை: வெஸ்டாவைக் கண்டுபிடிப்பது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள். பைனாகுலரில் மற்ற நட்சத்திரம் போலவே ஒரு புள்ளிதான். ஒரு நாள் பார்த்தால் தெரியாது. எல்லாப் புள்ளியையும் வரைய வேண்டும், சில நாள் கழித்து மறுபடி வரைய வேண்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் எது நகர்ந்ததோ அதுதான். டீச்சரின் விதி: முதலில் நேரம், பிறகு கண்டது. நினைத்ததை எழுதக் கூடாது.

மதினி டார்ச் பிடித்தாள். கண் கூசாமல் இருக்க சிவப்புத் தாள் சுற்றியது. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து எட்டு மாதம். ராத்திரியில் மாடி ஏறியது இன்றுதான். நான்தான் கூப்பிட்டேன்.

"என்னட்டி கோமு, எல்லாம் கொசு மொய்ச்ச மாதிரி இருக்கு. இதுல உன் ஆளு எது?"

"தெரியல மதினி. அதத்தான் தேடுதேன்."

"அங்க வாடகைக்கு வீடு கெடைக்குமான்னு கேளு. ஒத்த ரூம் போதும்."

சிரித்தோம். அவள் இடது கையில் புதுக் கொப்புளம். வெந்நீர் கொட்டியதாம்.

9.05 - 9.40. 14 புள்ளிகள்.

ஏப்ரல் 26, சனி

கையில் வாட்ச் இருந்தது. விதிப்படி எழுதுகிறேன், வேறு மாதிரி வரவில்லை.

9.10. நான் வரைகிறேன். மதினி டார்ச்.

9.18. 11 புள்ளிகள். அண்ணன் மேலே வந்தான். "எவன்கூடட்டி இருட்டுல போன் பேச்சு?" மதினி கையில் போன் இல்லை. "போன் கீழ சார்ஜ்ல கெடக்கு, பாருங்க."

9.19. டார்ச்சைப் பிடுங்கி அதாலேயே அவள் வாயில் அடித்தான். இரண்டு முறை. பல் ஒன்று தரையில். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் தெரியவில்லை.

9.20. முடியைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மோதினான். மூன்று. "விடு அண்ணா" என்றேன். என்னை உதைத்தான். வயிறு.

9.21. படி வரை இழுத்தான். தள்ளினான். மதினி வழுக்கவில்லை. தள்ளினான்.

9.22. கீழே சத்தம் இல்லை.

வரைபடம் பாதியில். பதினோராவது புள்ளியிலிருந்து தாளின் ஓரம் வரை ஒரு பென்சில் கோடு.

ஏப்ரல் 27, ஞாயிறு

மேகம். பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி. மதினிக்குக் காறை எலும்பு முறிவு, தலையில் ஒன்பது தையல். அம்மா நர்ஸிடம் மலையாளத்தில்: "ஸ்டெப்பில் வழுக்கி வீணதா, சிஸ்டரே. மழையல்லே." நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மதினியும் தலையாட்டினாள். ஆமாம், வழுக்கித்தான்.

வீட்டில் அண்ணன், சாதாரணக் குரலில்:

"நீ நட்சத்திரந்தான பாத்துட்டிருந்த?"

"ஆமா."

"நட்சத்திரம் மட்டுந்தான?"

என் நடுவிரலைப் பின்பக்கமாக வளைத்தான். டப்பென்று ஒரு சத்தம்.

"ஆமாண்ணா. ஆமாண்ணா."

"மிடுக்கி!" கெட்டிக்காரியாம். சாயங்காலம் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். தொடவில்லை. உருகி மேஜையெல்லாம் எறும்பு.

அம்மாவிடம் விரலைக் காட்டினேன். "கதவுல நசுங்கிச்சுன்னு சொல்லு, கேட்டோ. அவன் கோவம் அரை மணி நேரந்தான்."

ஏப்ரல் 28, திங்கள்

வெயில். விரல் கத்தரிக்காய் நிறம். பென்சிலைக் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே பிடித்து எழுதுகிறேன்.

மதினியின் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். மஞ்சள் பை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து முன்னறையில் உட்கார்ந்தார். காப்பி ஆறிப்போனது.

"நீ பக்கத்துல இருந்தியாம்மா?"

அண்ணன் எனக்குப் பின்னால் நின்றான்.

"நான் மேல பாத்துட்டிருந்தேன் மாமா."

"மேலயா... சரிம்மா." அதற்குமேல் கேட்கவில்லை. ராத்திரி முன்னறையில் படுத்து, நாளைக் காலை ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். மதினிக்குப் பதினொரு மணிக்குத்தான் டிஸ்சார்ஜ். இந்த வீட்டுக்கே வருகிறாள்.

மாடிக் கதவு பூட்டு. என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். 9.15 - 9.50. 14 புள்ளிகள். வெள்ளிக்கிழமைத் தாளைப் பக்கத்தில் வைத்தேன். பதின்மூன்று அப்படியே. ஒன்று நகர்ந்திருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டேன். சொல்ல மதினி இல்லை.

பிறகு இன்னொன்றையும் அதேபோல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்: மதினியின் காயங்களுக்கு வீட்டில் சொன்ன காரணங்கள்.

பொங்கலுக்கு மறுநாள்: கதவில் இடித்தாள்.
பரீட்சை சமயம்: வளையல் உடைந்து கை கிழிந்தது.
விஷுவுக்கு முந்தின நாள்: கம்மல் மாட்டிக் காது அறுந்தது.
போன வாரம்: வெந்நீர்.
சனி: படி.

தனித்தனியாகச் சொன்னபோது ஒவ்வொன்றையும் நானும் நம்பினேன்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதினேன். சனிக்கிழமைப் பக்கத்தைக் கிழித்து, கோடு போன வரைபடத்தையும் சேர்த்து மடித்தேன். அதே பக்கத்தை வேறு தாளில் மறுபடி எழுதி, நோட்டில் கிழித்த ஓரத்தில் ஒட்டிவிட்டேன். முதல் பக்கத்தில் யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அதன் மேல் கோடு போட்டுவிட்டேன்.

10.50. இறங்கினேன். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறாரா தெரியாது. மஞ்சள் பையில், வேட்டி மடிப்புக்குள் வைத்தேன். அண்ணன் அறையில் விளக்கு இல்லை.

10.56. என் அறை. தாழ்ப்பாள் போட்டாயிற்று. விரலைவிட வயிறுதான் வலிக்கிறது.

11.04. அண்ணன் அறையில் விளக்கு. கதவிடுக்கில் தெரிகிறது.

11.06. கதவு தட்டும் சத்தம். மூன்று முறை. அம்மா என்றால் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மாமாவுக்கு என் அறை எது என்று தெரியாது.

11.07. மறுபடி