ரீஸ்டோர் என்றால் என்ன தம்பி?

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா? உன் அக்காவிடம் கெஞ்சித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். போன் நம்பரைக்கூட மாற்றிவிட்டாயாமே. இரண்டு வருஷத்தில் ஒரு வரி எழுதக் கூடாதா? சரி, நானும்தான் எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு நம் மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் வேலையை வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் நெட்டை. இன்னொருவன் வாயே திறப்பதில்லை. நெட்டை பேசுவதில் பாதி எனக்கு விளங்குவதில்லை. “டிக்கெட் எல்லாம் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம், எஸ்.எல்.ஏ.க்குள்ளதான் இருக்கோம்” என்கிறான். முதலில் யாரோ ஊருக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். உன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, அவரை மாதிரியே தலையை ஆட்டுகிறேன். அவர் புரிந்து ஆட்டினார், அதுதான் வித்தியாசம்.

ஜூனில் அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டும். எதில் போடுகிறேன் என்றே தெரியாமல் போட மனசு வரவில்லை. ஆபீசில் யாரைக் கேட்பது? முதலாளியம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா என்று மத்தியானத்துக்குள் எல்லா மெஷினுக்கும் தெரிந்துவிடும். மெயிலில் கேட்டால் அந்த மெயிலையும் அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால்தான் பேனாவும் பேப்பரும்.

வீட்டில் நான் மட்டும்தான். டி.வி.யைப் போட்டு வைக்கிறேன், பார்ப்பதில்லை.

பதில் எழுது.
உன் அண்ணி

மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துவிட்டேன். பிரித்தால் டிக்கெட்!

டிக்கெட் என்பது புகார்ச் சீட்டு, அவ்வளவுதான். பிரின்டர் ஓடவில்லை என்று சொன்னால் அதற்கு ஒரு நம்பர் போடுவார்கள். க்ளோஸ் ஆகிவிட்டது என்றால் சீட்டை மூடிவிட்டார்கள் என்று பொருள். பிரின்டர் ஓடுகிறதா என்று நீங்கள்தான் தனியாகக் கேட்க வேண்டும். எஸ்.எல்.ஏ. என்பது அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கும் கெடு. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘ரெஸ்பான்ஸ் நான்கு மணி நேரம்’ என்று இருந்தால், நான்கு மணி நேரத்துக்குள் “என்ன பிரச்சினை, சொல்லுங்க” என்பார்கள். சரிசெய்து தருவதற்கு ‘ரெசல்யூஷன்’ என்று வேறு கெடு இருக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை. ஏதாவது நின்றுபோனால்தான் ஆள் வரும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் சாயங்காலம் வரை வாயைத் திறக்க வேண்டிய தேவையே இருக்காது. பழகிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
தம்பி

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நேற்று நீ இங்கே இருந்திருக்க வேண்டும். “நாலு மணி நேரம்னா பதில் சொல்றதா, சரிபண்றதா?” என்று கேட்டேன். நெட்டை காபியைக் கீழே வைத்தான். “அது வந்து... ரெஸ்பான்ஸ், மேடம்.” “அப்போ ரெசல்யூஷன் எந்தப் பக்கத்துல இருக்கு?” ஒப்பந்தத்தில் அந்தப் பக்கமே இல்லை, தம்பி! பேசாதவன் முதல்முறையாக வாயைத் திறந்தான்: “சேர்த்துடறோம் மேடம்.”

அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. அவர்கள் ரிப்போர்ட்டில் ‘பேக்கப்: சரி’ என்று பச்சையில் இருக்கிறது. அதற்குக் கீழே ‘ரீஸ்டோர் டெஸ்ட்: செய்யவில்லை’. பேக்கப் என்றால் நகல், தெரியும். ரீஸ்டோர் என்றால் என்ன தம்பி? ரிப்பேர் செய்வதுதானே?

பழசைக் கிளற இதைக் கேட்கவில்லை. அந்த வருஷம் ஆர்டர் எல்லாம் இருந்த சர்வர் படுத்து, நாலாயிரம் பேருடைய கண்ணாடி பவர் விவரம் அழிந்துவிட்டது. கடை கடையாகப் போன் செய்து திரும்ப வாங்கினோம். நீ எடுத்து வைத்த பேக்கப்பும் திறக்கவில்லை. போகட்டும், யாருக்கும் தவறு நேரும். உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன். நீயும் மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணி

ஏப்ரல் 21

அண்ணிக்கு,

ரிப்பேர் இல்லை. பேக்கப் என்பது நகல் எடுத்து வைப்பது. ரீஸ்டோர் என்பது அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருவது. எடுத்த நகல் திறக்குமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஆர்டர் வருவதை நிறுத்திவிட்டு அரை நாள் ஒதுக்க வேண்டும். அந்த அரை நாளைத்தான் டவுன்டைம் என்பார்கள். அதற்கு மேலிடத்தின் அனுமதி வேண்டும். சோதிக்காமல் பச்சை நிறம் போடுவதில் அர்த்தமில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்யச் சொல்லுங்கள்.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை.
தம்பி

மே 8

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தில் ‘அரை நாள்’ என்று படித்ததும் எனக்கு எங்கோ இடித்தது. பழைய அலமாரியைத் திறந்து, இரண்டு நாள் தேடி எடுத்தேன். மூன்று குறிப்புகள். மூன்றும் உன் கையெழுத்தில். ‘பேக்கப் ரீஸ்டோர் டெஸ்டுக்கு அரை நாள் டவுன்டைம் அனுமதி தேவை.’ முதல் இரண்டின் ஓரத்தில் ‘இப்போது வேண்டாம்’ என்று நான் எழுதியிருக்கிறேன். மூன்றாவதில் அதுகூட இல்லை, வெறும் இனிஷியல்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், ஆர்டர் குவிந்து கிடந்தது. ஓடுகிற ஒன்றை ரிப்பேர் செய்ய மெஷினை நிறுத்தச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். என்னவென்று உன்னைக் கேட்க வெட்கம்.

சர்வர் படுத்த அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டேனே, “பேக்கப் இருக்கா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லு.” நீ, “இருக்கு அண்ணி, ஆனா...” என்றாய். “ஆபீஸ்ல என்னை அண்ணின்னு கூப்பிடாதே” என்றேன். அந்த ‘ஆனா’வோடு வேலையை விட்டுப் போனவன்தான் நீ.

இதில் உன்னை மன்னித்துவிட்டதாக வேறு எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

நேற்று எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் கூப்பிட்டு மூன்று குறிப்புகளையும் வாசித்தேன். என் கையெழுத்தையும் காட்டினேன். கணக்குப் பிள்ளை, “இப்போ எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார். இப்போதுதான் எனக்குப் புரிந்தது என்றேன்.

ஏன் தம்பி அந்தக் காகிதங்களை அன்றைக்கே எடுத்துப் போடவில்லை? வந்துவிடு. ஆபீசில் உன் அறை அப்படியே இருக்கிறது.

அண்ணி

மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

அப்போது அண்ணா இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நீங்கள் எப்போது தடுக்கி விழுவீர்கள் என்று அந்த அறையில் இரண்டு மூன்று பேர் காத்திருந்தார்கள். நான் காகிதத்தை எடுத்துப் போட்டிருந்தால் அன்றைக்கே உங்களை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பியிருப்பார்கள்.

இதைச் சொல்லி நல்லவன் பெயர் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு அந்த வார்த்தைகள் விளங்கவில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணா இல்லாத மேஜையில் உங்கள் எதிரே உட்கார எனக்குத் தெம்பில்லை. அதனால் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டு, என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மூன்று தடவையும். உங்களுக்கு நான் விட்டுவைத்தது வெறும் காகிதம்தான்.

ஒரு வருஷம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் என் மேல். இப்போது எதுவும் இல்லை.

நான் வரமாட்டேன், அண்ணி. வருத்தப்படாதீர்கள். அந்தக் கட்டடத்தில் எந்தப் படியில் ஏறினாலும் மேலே அண்ணா நிற்பதுபோல் இருக்கும். இனி உங்களுக்கு யாரையும் கேட்கத் தெரியும். என்னையே கேட்க வேண்டியதில்லை. அதனால் வேலையைப் பற்றி எழுத வேண்டாம். வேறு ஏதாவது எழுதுங்கள்.

தம்பி

ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

அரை நாள் நிறுத்தினோம், நகல் திறந்தது, கையெழுத்துப் போட்டேன். வேலையைப் பற்றி இந்த ஒரு வரிதான்.

வேறு ஏதாவது எழுதச் சொன்னாய். நாலு நாளாக இந்தக் காகிதம் மேஜையில் கிடக்கிறது. எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை, தம்பி. அது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே வெளியே போனேன். பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து, “யாருக்காவது காத்திருக்கீங்களா?” என்றாள். “இல்லீங்க, சும்மாதான்” என்றேன். “நானும்தான்” என்றாள். அரை மணி நேரம் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். போகும்போது, “வரேங்க” என்றாள். வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மேஜையில் எதிரே உட்கார முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நானும் அங்கே உட்காருவதில்லை. சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நீ எங்கே சாப்பிடுகிறாய்? இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? விவரமாக எழுது. அவசரமில்லை.

அண்ணி