அப்பாவின் கழுத்தளவு

நேப்பிள்ஸ்,
செப்டம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபுல்வியோ எழுதுகிறேன். நானும் ரொசல்பாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. போனில் பத்து முறை கேட்டாயிற்று; பத்து முறையும் ட்ரியெஸ்டேயில் காற்று எப்படி அடிக்கிறது என்றுதான் சொன்னீர்கள். கடிதத்தில் பேச்சை மாற்ற முடியாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கல்யாண வேலைகள் நடக்கின்றன. தேவாலயம் அக்டோபர் 18க்கு உறுதி. ரொசல்பாவின் அம்மா சர்க்கரை பூசிய பாதாமை ஆளுக்கு ஐந்தாகப் பொட்டலம் கட்டுகிறார். ஆறு போட்டால் என்ன என்று கேட்டுத் தொலைத்தேன்; ஒற்றைப்படைதான் ராசியாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இனி சட்டை விஷயம். என் கல்யாணத்துக்கு நீங்கள் போடும் சட்டையை நுன்சியாவின் தையல் கடையில்தான் தைப்பது என்று முடிவானதும், அளவை நீங்களே எடுத்து அனுப்பினீர்கள். கழுத்து 38 என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கழுத்து 42, அப்பா. மார்பும் இடுப்பும் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தன. தனக்குத் தானே டேப் பிடித்தால் இப்படித்தான் வரும் என்று நினைத்தேன். பொருந்தாத அளவைத் தூக்கிப் போடுவதுதான் தொழிற்சாலையில் என் வேலை. உங்கள் எண்களை அடித்துவிட்டு, அதே காகிதத்தில் பழைய எண்களை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நுன்சியா என்னோடு பள்ளியில் படித்தவள், மரியாதையெல்லாம் கிடையாது. வாயில் குண்டூசிகளோடு பார்த்துவிட்டு, "ஏன்டா, சட்டை உங்கப்பாவுக்கா, இல்ல நீ மனசுல வச்சிருக்கிற ஆளுக்கா?" என்றாள்.

முன்பு உங்களுக்குத் தைத்தபோது வெட்டிய, உங்கள் பெயர் எழுதிய காகித அச்சைப் பரணிலிருந்து இறக்கி மேஜையில் விரித்தாள். நீங்கள் எழுதியதை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தாள். "கை நீளம் மாறல. தோள் மாறல. டேப்பு தப்புன்னா எல்லாத்துலயும்ல தப்பணும்? எலும்பு இருந்த இடத்துலதான் இருக்கு, சதைதான் போயிருக்கு. நீயெல்லாம் எப்படிடா இன்ஜினியர் ஆன?"

அப்புறம் ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "போய்ப் பாத்துட்டு வாடா" என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

கருவி பிழையென்றால் எல்லா அளவும் ஒரே பக்கம் சாயும். முதல் வருடப் பாடம். ஈஸ்டரிலிருந்து உங்கள் போனில் கேமரா வேலை செய்யவில்லை. ஆகஸ்டில் ரயிலில் வர முடியாத அளவு வெயில் என்றீர்கள். இதையெல்லாம் தனித்தனியாகவே வைத்துப் பார்த்திருக்கிறேன், முட்டாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய அளவு உங்களுக்குத் தெரியும். 42 என்றே எழுதியிருந்தால் நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். நீங்கள் 38 என்று எழுதினீர்கள். வாயால் சொல்ல முடியாததை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நான்தான் அதன்மேல் கோடு போட்டுவிட்டேன்.

சட்டையை நீங்கள் எழுதிய அளவுக்கே வெட்டி, வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் உள்ளே மூன்று விரல் துணி விட்டிருக்கிறாள். உடம்பு தேறினால் பிரித்துவிடலாம், அது ஒரு நாள் வேலை என்கிறாள். காலர் மட்டும் வைக்கவில்லை. ஆளைப் பார்க்காமல் வைக்க மாட்டாளாம். கழுத்தளவைக் குறிக்க எனக்கு ஊசி குத்தக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். கழுத்துக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். என் விரல் தடிமன் என்று அதற்கும் திட்டு.

இருபதாம் தேதி சனிக்கிழமை மதியம் சட்டையோடு வருகிறேன். வர வேண்டாம் என்று போன் செய்யாதீர்கள், டிக்கெட் எடுத்தாயிற்று. வீட்டைப் பெருக்க வேண்டாம். எனக்காக ஷேவ் பண்ணிக்கொள்ள வேண்டாம். பாஸ்தாவை நான் வேகவைக்கிறேன். குழைந்துவிட்டது என்று நீங்கள் குறை சொல்லுங்கள், போதும்.

டாக்டர் கொடுத்த காகிதங்கள் எங்கே இருந்தாலும் எடுத்து மேஜைமேல் வையுங்கள், அப்பா. அதில் என்ன எண் இருந்தாலும் இந்த முறை அடிக்காமல் படிக்கிறேன்.

காலர் இல்லாத சட்டையோடு வரும்
உங்கள் மகன்,
ஃபுல்வியோ