நைனாக் கரடியா, மாமன் கரடியா

ஜனவரி 15, வெள்ளி. சித்தூர்.

கடும் பனி. வெயில் வரவே ஒன்பது மணி.

இந்த நோட்டில் உண்மையை மட்டும் எழுதுவேன். எனக்கு அவமானமானதையும் சேர்த்து.

நேற்று சாயங்காலம் கொட்டகையில் பொம்மைப் படம், இரண்டாம் பாகம். நைனா, அம்மா, நான், தங்கை காமு. முதல் பாகம் போன பொங்கலுக்கு வந்தது. "ரெண்டாவது இன்னும் நல்லாருக்கும்டி" என்று ஒரு வருடமாகக் காமுவுக்கு ஆசை காட்டியவள் நான்தான்.

மு.பா.: குட்டிக் கரடி காணாமல் போகிறது. பெரிய கரடி தேடுகிறது. மூன்று பாட்டு. குரங்கைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இ.பா.: குட்டி வளர்ந்துவிட்டது. கோபித்துக்கொண்டு காட்டைவிட்டுப் போகிறது. ஒரே பாட்டு, அதுவும் நீளம். காட்டு ஆறு மட்டும் நிஜத் தண்ணீர் மாதிரி. சிரிப்பு குறைவு.

பாதியிலேயே காமு அழுதுவிட்டாள். படம் இங்கிலீஷ். எங்களுக்குப் புரியாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று மைக்கில் கதை சொல்லுவார். போன வருடம் முனிரத்தினம், தமிழில். பெரிய கரடிதான் குட்டியின் நைனா என்றார். திருத்தணி ஆந்திராவை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகிறதாம், அவர் திருத்தணிக்கே போய்விட்டார். இப்போது சுப்பையா, தெலுங்கில். அதே கரடியைக் காட்டி மேனமாமா என்றார். தாய்மாமன்!

"அப்ப நைனாக் கரடி செத்துப்போச்சா?"

"நான் இங்கதான கடலை துன்னுக்கினு குந்திக்கினு கீறேன், ஏன் அழுவுற?" என்றார் நைனா.

காமு சாப்பிடவில்லை. என்னோடு பேச்சும் இல்லை.

ஜனவரி 16, சனி.

எண்ணெய்க் குளியல். கண் எரிச்சல். காமு இன்னும், "நீ பொய் சொன்ன, போ."

அம்மாவைக் கேட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சுப்பையா போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். அது நைனாவா, மாமனா என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் பாப்பா? எனக்கு இங்கிலீஷ் வருமா? பொம்மை வாயைத் தொறக்குது, நானும் தொறக்கிறேன். திருப்பதியில தாத்தான்னே சொல்லிட்டேன்."

"முனிரத்தினம் நைனான்னாரே?"

"அவருக்குப் பொண்ணுங்க மூணு. நைனான்னுதான் சொல்லுவாரு. என்னைத் தூக்கி வளத்தது எங்க மேனமாமா." பசையைக் கிண்டிக்கொண்டே சொன்னார்.

ஒரு வருடமாக நான் படத்தின் கதை என்று நினைத்தது முனிரத்தினத்தின் கதை. என் ஒப்பீடு தப்பு. கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துப் பார்த்தால்: மு.பா.வில் பெரிய கரடி தேடுகிறது, அவ்வளவுதான். இ.பா.வில் குட்டியைப் பிடிக்க, நீந்தத் தெரியாமலே ஆற்றில் குதிக்கிறது. இ.பா.தான் மேல்! அழுகையில் காமு அதைப் பார்க்கவே இல்லை.

கிளம்பும்போது சுப்பையா: "நாளைக்கு மூணு மணிக்கு லேடீஸ் ஆட்டம். தமிழ்ல சொல்லுன்னு கத்துறாங்க. எனக்குத் தமிழ்ல பேச வரும், கதை சொல்ல வராது. நான் தெலுங்குல ஒரு வரி, நீ தமிழ்ல ஒரு வரி. வர்றியா?"

வகுப்பில் எழுந்து பாடம் ஒப்பித்தாலே எனக்குப் பாதி வரி மறந்துபோகும். ஆனால் நானே கதை சொன்னால்தான் காமு இ.பா.வை இன்னொரு தரம் பார்க்க வருவாள்.

அம்மா: "பொட்டப்புள்ள மைக்குப் புடிச்சா ஊரு சிரிக்கும்."

நைனா: "சிரிக்கட்டுமே. சிரிப்புப் படம்தான?"

ஜனவரி 17, ஞாயிறு. வெயில்.

காலையில் காமு ஒரே பிடிவாதம். நைனா என்று சொன்னால்தான் வருவாளாம். சுப்பையா மாமனை விடமாட்டார். ஒரே கரடிக்கு ஆளுக்கு ஓர் உறவுமுறை சொன்னால் ஜனங்கள் மண்ணை வாரி எறிவார்கள். நான் இன்னொரு இட்டிலி போட்டுக்கொண்டேன்.

பிறகு அவளே, தலை வாரிக்கொள்ளும்போது: "அவுங்க நைனா பாகாலாவுல ரயில் வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லு. இது மாமனாவே இருந்துட்டுப் போவட்டும்."

எனக்கு ஏன் தோன்றவில்லை!

இதைக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுப்பையாவிடம் சொன்னேன். "ரயில்வேயா? நல்ல உத்தியோகம்" என்றார். பெண்கள் பக்கம் நிறைந்துவிட்டது. "யாருடி அது, மைக்குப் பக்கத்துல ரெட்டைச் சடை?" என்று ஒரு குரல். காமு மணலில் முதல் வரிசையில், அம்மா மடியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மைக் நினைத்ததைவிடக் கனம். முதல் வரி இன்னும் கிடைக்கவில்லை. சுப்பையா கையைக் காட்டுகி

விளக்கை அணைத்துவிட்டார்கள்.