உன் கார்டில் ஏறியிருக்கும் ஒரு டீ

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், உன் அத்தையும் நலம், எங்களைச் சுமந்துகொண்டு போகிற கப்பலும் இதுவரைக்கும் நலம். நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். நடுக்கடலில் போன் பேசத் தனிக் காசாம். காகிதமும் பேனாவும் அறை மேசையிலேயே கிடக்கின்றன, அதற்குக் காசு இல்லை என்று இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் முதல் வரியையே எழுதினேன். நாளைக் காலையில் துறைமுகத்தில் தபாலில் போட்டுவிடுவேன். சொல்ல அவ்வளவு இருக்கிறது, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணம் முடிந்து கணக்கு வரும்போது உன் கார்டில் ஒரே ஒரு ஸ்பெஷல் டீ ஏறியிருக்கும். பார்த்ததும் குதிக்காதே. இதைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் குதி.

நீ என்ன செய்தாய், ரிடையர் ஆன அம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாய், சரி. கூடவே, அம்மா சாப்பாடு டிக்கெட்டிலேயே இருக்கு, ஆனா குடிக்கிறதுக்கு நிறைய இடத்துல எக்ஸ்ட்ரா போடுவாங்க, எதை வாயில வெக்கிறதுக்கு முன்னாடியும் காசு இருக்கான்னு கேட்டுக்கோ என்று மூன்று தடவை போனில் சொன்னாய். முதல் நாள் அறைக்குள் நுழைந்தோம், மேசையில் இரண்டு தண்ணீர் பாட்டில், கழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உன் அத்தை ஒன்றைத் திறந்து பாதி குடித்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அட்டையைப் படித்துப் பார்த்தால் அந்த இரண்டும் இலவசமாம், கீழே சின்ன ஃப்ரிட்ஜில் இருப்பதற்குத்தான் காசாம். அன்றையிலிருந்து அந்த ஃப்ரிட்ஜ் கதவை உன் அத்தை தெரியாமல்கூடத் தொட்டுவிடக் கூடாது என்று அதன் முன்னால் என் பெட்டியை இழுத்து வைத்திருக்கிறேன். அவள் என்னைக் காவல்காரி என்று கூப்பிடுகிறாள், கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் நாலு மணி ஆனால் மேல் தளத்தில் ஒரு பெரிய கூடத்தில் டீ கொடுக்கிறார்கள். அதை நீ பார்க்கணுமே! சுற்றிலும் கண்ணாடி, வெளியே வெறும் கடல், ஒருவர் மூலையில் உட்கார்ந்து பியானோ வாசிக்கிறார், பரிமாறுகிறவர்கள் கையில் வெள்ளை உறை. சாதா டீ டிக்கெட்டில் சேர்ந்தது, பையோடு சுடுதண்ணீரில் போட்டுப் பீங்கான் கெட்டிலில் வரும். அட்டையில் தனியாக ஸ்பெஷல் டீ என்று பத்துப் பன்னிரண்டு வகை எழுதியிருக்கிறது, முழு இலை, பூ போட்டது, எலுமிச்சைத் தோல் போட்டது, அதற்கெல்லாம் எக்ஸ்ட்ரா. நான் முதல் நாளே சாதா என்று சொல்லிவிட்டேன். ஆனால் பார், உட்கார முடியவில்லை. இருபத்தாறு வருஷம் ஆபீசில் நாலு மாடிக்கும் டீ டிராலி தள்ளிய உடம்பு. நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்து முடித்து, ஃபிளாஸ்க் அடியில் மிச்சம் இருப்பதை மாடிப்படியில் நின்றுகொண்டு ஆறிப்போனதாக மடக் மடக்கென்று குடித்துத்தான் எனக்குப் பழக்கம். இங்கே ஒருத்தி வந்து குனிந்து ஊற்றும்போது எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருக்கிறது. இரண்டாம் நாள் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன். அவள் பயந்துபோய், ஏம்மா, டீ சரியில்லையா என்று கேட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மேசைகளுக்குப் பரிமாறுகிறவள், நாற்பது வயது இருக்கும், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். நான் டிராலி தள்ளியவள் என்று சொன்னதும், அப்ப நீங்க நம்ம ஆளு என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாளாம், இவள் எட்டு மாதமாக வீட்டைப் பார்க்கவில்லை, மகள் படிப்பு முடிகிறவரை இந்த வேலை கையில் இருந்தால் போதும் என்றாள். எனக்கு உன்னைக் காலேஜில் சேர்த்த வருஷம் ஞாபகம் வந்துவிட்டது.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள். எங்களுக்கு அடுத்த பெரிய மேசையில் ஒரு மீசைக்காரரும் குடும்பமும், மொத்தம் ஆறு பேர். இவள் எங்களிடம் சொன்ன மாதிரியே அவர்களிடமும், ஸ்பெஷலுக்குத் தனிக் கட்டணம் சார் என்று சொன்னாள், என் காதால் கேட்டேன். ஆனால் மீசைக்காரர் அப்போது யாரிடமோ கப்பல் எத்தனை டன் என்று விளக்கிக்கொண்டிருந்தார், தலையை மட்டும் ஆட்டினார். ஆறு பேரும் ஆறு வகை ஸ்பெஷல் வாங்கிக் குடித்தார்கள். கார்டு தேய்க்கிற மெஷின் வேலை செய்யவில்லை, வேறு மெஷின் கொண்டுவருகிறேன் என்று சீட்டில் குறித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். சரியாக அந்த நேரம் பார்த்து யாரோ டால்பின் டால்பின் என்று கத்த, கூடம் முழுக்க ஜன்னல் பக்கம் ஓடிவிட்டது. மீசைக்காரர் குடும்பம் ஓடியது, பரிமாறுகிறவர்கள் ஓடினார்கள், பியானோக்காரர்கூட ஓடினார், உன் அத்தை எல்லோருக்கும் முன்னால். நான் போகவில்லை. ஏன் தெரியுமா, என் கண்ணுக்கு முன்னால் காலிக் கப்புகள் கிடந்தன. கை துறுதுறுத்தது. யோசிக்கவே இல்லை கண்ணா, எழுந்து மேசை மேசையாக எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டேன். கப்பை ஒன்றுக்குள் ஒன்று, சாசர் தனி, கெட்டில் தனி, எல்லாம் தூண் ஓரமாக நின்ற டிராலியில். எல்லோரும் திரும்பி வந்தபோது நாலு மேசை பளிச்சென்று இருந்தது, நான் நல்ல பிள்ளையாக என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டால்பினை நான் பார்க்கவே இல்லை. சமையல்கட்டு ஆள் ஒருவர் வந்து டிராலியைக் கழுவத் தள்ளிக்கொண்டு போனார்.

அவள் மெஷினோடு வந்தாள். மீசைக்காரர், ஸ்பெஷலா, என்ன ஸ்பெஷல், நாங்க டிக்கெட்டோட வர்ற டீயைத்தான் குடிச்சோம் என்று சத்தம் போட்டார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அந்தக் கூடத்தில் எதைக் குடித்தாலும் இலவசம் என்று நிஜமாகவே நம்பிவிட்டார். அவள் கெட்டிலைக் காட்டலாம் என்று திரும்பினால் மேசை துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஸ்பெஷலுக்கு மட்டும் கண்ணாடிக் கெட்டில், அது ஆறும் மேசையில் இருந்திருந்தால் பேச்சே இல்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட மேலாளர் வந்து, மீசைக்காரர் சொன்னதை ஒரு தாளில் புகாராக எழுதிக்கொண்டார். அவளைத் தூண் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஏற்கெனவே ரெண்டு புகார் உன் பேர்ல இருக்கு, இதோட மூணு, அடுத்த துறைமுகத்துல இறங்கிக்க வேண்டியதுதான் என்று மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் தூணுக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேனே. அவள் கையில் இருந்த உறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பகீரென்றது. என் கையால் வந்த வினை. உன் அத்தை வந்து என் தொடையைக் கிள்ளி, அண்ணி வாயைத் திறக்காதீங்க, பிரயாணி கப்பை எடுத்தா அதுக்கும் ஏதாச்சும் எக்ஸ்ட்ரா போட்டுடுவாங்க என்கிறாள். ஒரு நிமிஷம் உட்கார்ந்துதான் இருந்தேன், மறைக்கவில்லை உன்னிடம். உன் கார்டு ஞாபகம் வந்தது, அபராதம் போடுவார்களோ என்று பயந்தேன். அப்புறம் அவள் மகள் ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டேன். சார், மேசையை எடுத்தது நான்தான், இவங்க மேல தப்பு இல்ல என்றேன். மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீங்க எதுக்கும்மா எடுத்தீங்க என்று கேட்டார். பழக்கம் சார் என்றேன். வேறு என்ன சொல்வது.

அவர் நல்லபடியாகத்தான் பேசினார், ஆனால் கெட்டிலெல்லாம் கழுவியாச்சு, இப்ப எப்படிம்மா நிரூபிக்கிறது என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உனக்கு நினைவு இருக்கிறதா, நீ ஆறாவது படிக்கும்போது ஆபீசில் நான் டீச் சக்கையைத் தொட்டியில் கொட்டி, குழாய் அடைத்து, கீழ்மாடி மேனேஜர் தலையில் தண்ணீர் சொட்டியதே! அன்று வாங்கிய திட்டில் சக்கையைத் தனிப் பாத்திரத்தில் கொட்டாமல் எந்தக் கெட்டிலையும் என் கை கழுவ விடாது. நேற்றும் அப்படித்தான், கண்ணாடிக் கெட்டில் ஆறிலும் இருந்ததை ஒரு கிண்ணத்தில் கவிழ்த்து, மேலே துணி போட்டு மூடி, பக்கத்து மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். வாங்க சார் என்று கூட்டிக்கொண்டு போய்த் துணியை எடுத்தேன். முழு முழு இலை, விரிந்து கிடக்கிறது. மஞ்சள் பூ ஒன்று, எலுமிச்சைத் தோல் சுருள் ஒன்று, குங்கும நிறத்தில் ஏதோ இதழ். ஒரு பைகூட இல்லை, ஒரு நூல்கூட இல்லை. மற்ற மேசைப் பைகளை எல்லாம் நான் சாசரிலேயே விட்டிருந்தேன் என்றேன். மேலாளர் ஒரு கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, நம்ம ஸ்பெஷல் இலைதான் என்றார்.

மீசைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், கண்ணாடி போட்ட மருமகன் எலுமிச்சை, நீலப் புடவை அம்மா பூப் போட்டது, சார் நீங்க கறுப்பு இலை, மூணு சர்க்கரைக் கட்டி போட்டீங்க என்று ஆறு பேருக்கும் வரிசையாக ஒப்பித்தேன். வேண்டுமென்று பார்த்ததில்லை, யார் எதை எப்படிக் குடிக்கிறார்கள் என்பது தானாக என் மண்டையில் ஏறிவிடும். நான் நிறுத்தியிருக்க வேண்டும். மூணு கட்டியா என்று நீலப் புடவை அம்மா அவர் பக்கம் திரும்பினாள். டாக்டர் சர்க்கரையே கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். கடல்லதானேன்னு போட்டேன் என்று அவர் மென்று விழுங்கினார். அவர் குடும்பமே சிரித்துவிட்டது, அவருக்கும் வேறு வழியில்லாமல் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவரிடம், என் மகன் மூணு தடவை சொல்லாம இருந்திருந்தா நானும் இதே தப்பைத்தான் சார் பண்ணியிருப்பேன் என்றேன். அந்தப் பேச்சு அவருக்கு வசதியாகப் போயிற்று. கார்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார், அவளிடம், தப்பா நினைச்சுக்காதம்மா, கவனிக்கல என்றும் சொன்னார். மேலாளர் புகார் தாளை எங்கள் எதிரிலேயே நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். அவள் நாளைக்கு இறங்க வேண்டியதில்லை! எழுதும்போதுகூட எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் என் டிராலிப் பழக்கத்தால் ஒருத்திக்கு வேலை தப்பித்தது இதுதான் முதல் தடவை, வேலைக்கு உலை வைத்ததும் அதே பழக்கம்தான் என்று உன் அத்தை நேற்றிலிருந்து சொல்லிச் சொல்லிக் காட்டுகிறாள்.

அப்புறம் மேலாளர், அம்மாவுக்கு ஒரு ஸ்பெஷல் டீ, நம்ம கணக்குல என்றார். நான் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். நாளைக்கு யாராவது எண்ணிப் பார்த்து ஒரு கெட்டில் டீக்குக் காசு வரவில்லை என்று சொன்னால் மறுபடி அவளைத்தான் கேட்பார்கள். என் கார்டுலயே போடுங்க, நான் கையெழுத்துப் போடறேன் என்றேன். கப்பல் கார்டில் போட்டால் உன் கார்டில்தானே ஏறும், அதுதான் உன் கணக்கில் வரப்போகிற டீ. நீ ஒரு பில்லையும் சும்மா விடமாட்டாய், எங்க அம்மா எக்ஸ்ட்ரா எதுவும் கேட்டிருக்க மாட்டாங்க, இது தப்பா ஏறியிருக்கு என்று கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு புகார் எழுதிவிடுவாய், எனக்குத் தெரியாதா. சத்தியமாகச் செய்யாதே கண்ணா. அந்தப் புகார் நேராக அவள் பேரில்தான் போய் உட்காரும், மூன்றாவதாக. இதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாதே. மருமகளை இருமலுக்கு டாக்டரிடம் காட்டச் சொல், தானாகப் போகும் என்று விடவேண்டாம். குட்டியிடம் பாட்டி டால்பின் பார்த்தாள் என்றே சொல்லிவை, அத்தை பார்த்ததை வைத்து நான் சமாளித்துக்கொள்கிறேன். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இருக்கவேண்டும், அம்மாவுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். பில் வந்ததும் இந்தக் கடிதத்தை இன்னொரு தடவை எடுத்துப் படி. அந்த டீ தவறி ஏறியது இல்லை. தெரிந்துதான் கேட்டேன், பூப் போட்டது. அவள் குனிந்து ஊற்றினாள், நான் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே சூடாகக் குடித்தேன்.

இப்படிக்கு,
அந்த டீக்கு அப்புறம் ஒரு கப்பைக்கூட எடுத்து அடுக்காமல் கூடத்தைவிட்டு வந்த
உன் அம்மா